எட்டு மாதச் சுகம்

ஜெபத்தில் ஆவி நிறைந்தவர்கள் யாருக்கும் புரியாமல் பேசுவார்களே, அந்த அந்நியபாஷை எனக்கு வந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கே.கே. நகரில் அந்தக் காலத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் வந்தது என்றுதான் அடித்துச் சொல்வார்கள். இன்றைக்கும் மார்க்கெட்டில் யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்குப் பேசுன பாஷை இருக்கே சிஸ்டர், இப்ப நெனச்சாலும் மேலெல்லாம் சிலிர்க்குது" என்பார். நான் காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நிற்பேன். வேறு என்ன செய்ய?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, பெயர் எழுதி, முண்டியடிக்கிறவர்களைச் சத்தம் போட்டு உட்காரவைக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு என் வாய்தான் காரணம் என்பாள் அம்மா. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம். வீட்டில் மூன்றாவது ஆள் என் அக்கா. அவள் அப்போது எங்கள் வீட்டில் இருந்திருக்கவே கூடாது. சமயநல்லூரில் புருஷன் வீட்டில் இருந்திருக்க வேண்டியவள்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் இரண்டு. தவறாமல் போட்டால் ஒன்றும் வராது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னோம். அவர் சரி என்றார். அவர் வீட்டில் சொல்லவில்லை, அதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு. கொழுந்தன் நிச்சயதார்த்தத்தில் வேலை வேலை என்று இரண்டு நாள் மாத்திரையை மறந்திருக்கிறாள். பந்தி நடக்கும்போது, சாம்பார் வாளியோடு, அத்தனை சனத்துக்கும் நடுவில் விழுந்தாள். யாரோ இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தார்களாம். எழுந்து உட்கார்ந்தபோது சேலை எல்லாம் சாம்பார், கையில் யார் வீட்டுச் சாவியோ.

அவள் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மாத்திரை தின்னாத்தான் மனுசின்னா, அந்த மனுசி எங்களுக்கு வேணாம். மாத்திரை இல்லாம நல்லா இருக்கட்டும், அன்னைக்குக் கூட்டிக்கிட்டு வா." அத்தான் அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் லேத் வேலை அவருக்கு. ஞாயிறு தவறாமல் வருவார், மிக்சர் பொட்டலத்தோடு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். நாலு மணி ஆனதும், "சரி, வாரேன்" என்று கிளம்பிவிடுவார். நல்ல மனுஷன். அவர் அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

இந்த நேரத்தில்தான் அக்கா மாடி ஹால் சபைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே தகரக் கூரை ஹால். சுகமளிக்கும் கூட்டம் என்று சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போனாள். துணைக்கு நான் போனேன். நாங்கள் ஞானஸ்நானம் எடுத்தது பழைய கல்கோயிலில். அங்கே இருந்த ஐயர், போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், இந்தப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "வீடு கட்டும்போது சாரம் கட்டுவோம். கட்டி முடிச்சதும் அவுத்துருவோம்ல? சுகம், அந்நியபாஷைங்கிற அந்த வரங்கள் எல்லாம் சபையைக் கட்ட, அப்போஸ்தலர் காலத்துக்குக் குடுத்தது. கட்டியாச்சு, அவுத்தாச்சு" என்பார். மாடி ஹால் பாஸ்டர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "குடுக்கிறவர் உயிரோட இருக்கார்ல? அப்புறம் குடுக்கிறது மட்டும் எப்படி நின்னுபோகும்?" எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேருமே வீட்டில் வலிப்பு வருகிற ஆளை வைத்துக்கொண்டு பேசவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

மாடி ஹாலில் காத்திருப்புக் கூட்டம் என்று ஒன்று உண்டு. அந்நியபாஷை வரம் பெறாதவர்களை முன்னால் உட்காரவைத்து, பெற்றவர்கள் சுற்றி நின்று ஜெபிப்பார்கள். எல்லோருக்கும் வந்தது. ஃபேன் ரிப்பேர் பண்ண வந்த ஆள், ஏணியிலிருந்து இறங்கி இரண்டாவது வாரமே பெற்றுக்கொண்டார். அக்காவுக்கு முதல் மாதமே வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஏழு மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. "நாக்கை விட்டுக்குடுங்க சிஸ்டர்" என்பார்கள். நானும் எவ்வளவோ விட்டுக்கொடுத்துப் பார்த்தேன். தொண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பாஸ்டர் அக்காவிடம், "உங்க வீட்டுல ஒரு அடைப்பு இருக்கு. அது திறந்தாத்தான் உங்க சுகம் வெளிப்படும்" என்று சொல்லிவிட்டார். என்னைச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருப்பது மூன்று பேர். அம்மா ஓர் ஓரமாக ஜெபமாலை மாதிரி ஒரே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு கிடக்கிறவள். மிச்சம் யார்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா, "நீ கொஞ்சம் மனசு வச்சா வரும்டி" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரத்துக்கு அடியில் பயமும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே நான்தான் அவள் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கிறேனோ?

அடுத்து வந்தது இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் இல்லை. தகரக் கூரை கொதிக்கிறது. டிரம் அடிக்கிறவர் விடாமல் அடிக்கிறார். பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா என்போம், அவர் கை என் உச்சந்தலையில் இருக்கிறது. அவருக்கு வியாக்கியான வரம் உண்டு என்பார்கள். மற்றவர்கள் பேசும் அந்நியபாஷைக்குத் தமிழில் அர்த்தம் சொல்வது. பக்கத்தில் அக்கா முழங்காலில் நின்று என் பெயரைச் சொல்லி அழுகிறாள். எனக்காக அழுகிறாள். கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. போதும்டா சாமி என்று வாயைத் திறந்தேன்.

வந்தது என்ன தெரியுமா? நாங்கள் சின்ன வயதில் குடியிருந்தது ஒரு சௌராஷ்டிரா குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில். அந்த வீட்டம்மா சாயம் போட்ட நூலைக் கொடியில் உதறிக்கொண்டே தன் மகன்களை அவர்கள் பாஷையில் வைது தீர்ப்பார். பதினாலு வருஷம் அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அர்த்தம் பாதிதான் தெரியும், ராகம் முழுசும் தெரியும். அந்த வசவைத்தான் வேகமாக, முன்னும் பின்னுமாக மாற்றி, இழுத்து, அழுகையோடு கலந்து விட்டேன். ஹாலில் அந்தப் பாஷைக்காரர்கள் ஒருத்தரும் இல்லை. டிரம் நின்றது. என் குரல் மட்டும் கேட்டது. நிறுத்தத்தான் நினைத்தேன். சுற்றிலும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அத்தனை பேரும் சந்தோஷப்படும்போது எப்படி நிறுத்துவது?

நான் ஓய்ந்ததும் பாஸ்டரம்மா பேசினார். குரல் நடுங்கியது. "என் மகளே, பல வருஷமா நீ விழுங்கிக்கிட்டு வந்த கசப்பை நான் இன்னைக்கு எடுத்துப்போட்டேன். இனி அது உனக்கு வேண்டாம்னு கர்த்தர் சொல்லுறார்."

கசப்பு என்றதை மாத்திரை என்று எடுத்துக்கொண்டு அக்கா எழுந்தாள். அவள் எங்கே போனாலும் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையில் பழைய பல்பொடி டப்பா ஒன்று இருக்கும், அதில்தான் மாத்திரை. அந்த ஹாலில் ஒரு பழக்கம்: சுகம் பெற்றதாக விசுவாசிக்கிறவர்கள் மாத்திரையைக் காணிக்கைப் பையில் போட்டுவிட வேண்டும், அதுதான் சாட்சி. அக்கா டப்பாவை அப்படியே காணிக்கைப் பையில் போட்டாள். பைக்குள் விழுந்த டப்பாவில் மாத்திரைகள் கலகலத்தது எனக்குக் கேட்டது. 

வீட்டுக்கு வந்ததும் அவளைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். "அக்கா, அது பொய்க்கா. நான் சும்மா பேசுனது. நம்ம வீட்டம்மா நூல் உதறும்போது திட்டுவாங்கல்ல, அது."

அக்கா கோபப்படவில்லை. சிரித்தாள். "எனக்கும் கொஞ்சம் அப்படித்தான்டி கேட்டுச்சு. அந்தம்மா வாயில வந்தா வசவு. உன் வாயில வந்தா கர்த்தர் வார்த்தை. அவரு எதை எடுத்துப் பேசுனா உனக்கென்ன?"

"அர்த்தம் சொன்னாங்களே, கசப்புன்னு, அது நான் எழுதிக் குடுத்த ஜெபக்குறிப்புக்கா! போன வாரம் சீட்டுல நான்தான் எழுதிப் போட்டேன், அக்கா மாத்திரை நிக்கணும்னு. பாஸ்டரம்மாதான் அந்தச் சீட்டையெல்லாம் படிக்கிறது!"

"அப்ப நீ கேட்டதுக்குப் பதில் வந்துருச்சுன்னு சொல்லு" என்றாள்.

இவளிடம் பேசிப் பயனில்லை என்று மறுநாளே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார், சபையை விட்டு நீக்குவார், அக்காவைக் கூப்பிட்டு மாத்திரையைப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "பரிசுத்த ஆவி இறங்குன முதல் நாள்ல சீஷர்கள் பேசுனதும் ஊர் சனங்க பேசுற பாஷைதானே சிஸ்டர்? வானத்துப் பாஷையா பேசுனாங்க?"

"பாஸ்டர், அது எனக்குத் தெரிஞ்ச பாஷை. சின்னப் பிள்ளையிலேருந்து தெரியும்."

"அர்த்தம் தெரியுமா?"

"பாதி தெரியும்."

"மீதி?"

 அவர் எழுந்து என் தலையில் கை வைத்து, பெருமை வராமல் இந்தப் பிள்ளையைக் காத்துக்கொள்ளும் என்று ஜெபம் பண்ணி அனுப்பினார். பாஸ்டரம்மா வாசல்வரை வந்தார். அவரிடம் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "படிச்சேன்தாம்மா. ஆனா அன்னைக்குச் சொன்னது நான் இல்ல" என்றார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்கிறேன். ஹாலில் அன்றைக்குப் பொய் சொன்னது ஒரே ஒரு ஆள். அந்த ஆளைத்தான் யாரும் நம்ப மறுத்தார்கள்.

பழைய கோயில் ஐயரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நான்தான் அப்பவே சொன்னேன்லம்மா. அந்த வரங்கள் எல்லாம் ஓய்ஞ்சுபோச்சு."

"வரம் ஓய்ஞ்சுபோச்சு ஐயா. வலிப்பு ஓயலையே" என்றேன். என் வாய் அப்படித்தான்.

அவர் முகம் வாடிவிட்டது. அக்காவை ஒருநாள் அழைத்து வா, எடுத்துச் சொல்கிறேன் என்றார். அக்கா வரமாட்டாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு ரஸ்க் கொடுத்து அனுப்பினார்.

நான் வேலை பார்த்த கிளினிக் டாக்டரிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். இப்படித் திடீரென்று நிறுத்தினால் ஆளையே கொன்றுவிடும் என்றார். பொடி பண்ணிக் கொடுக்கலாமா என்றதற்கு, குழந்தைகளுக்கு அப்படித்தானே கொடுக்கிறோம் என்றார். அவ்வளவுதான். வேறு யோசனை எனக்கு வரவில்லை, வந்திருந்தால் செய்திருப்பேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து வீட்டில் காபி போடுவது நான் என்றாயிற்று. மாத்திரையைத் தினசரித்தாள் மடிப்புக்குள் வைத்து டம்ளர் அடியால் நசுக்கி, அக்கா டம்ளரில் கொட்டி, டிகாஷனைத் தூக்கலாக விட்டு, சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டுக் கலக்குவேன். காலையில் ஒன்று. மதியம் கிளினிக் மூடியதும் வீட்டுக்கு ஓடிவந்து, நாலு மணிக் காபியில் இரண்டு. டாக்டர் எழுதிய பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவது எனக்குக் கஷ்டமில்லை. அக்கா ஒருநாள், "உன் காபி இப்ப நல்லா இருக்குடி, கொஞ்சம் கசந்தாலும்" என்றாள். நான் பாத்திரம் விளக்குகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? ஞாயிறு சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து, "மாத்திரை இல்லாம இன்னையோட எழுபத்தஞ்சு நாள்" என்பாள். ஹால் முழுக்கக் கைதட்டும். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினேழு வருஷமாக அவள் தனியாகக் குளிக்கப் போனால் தாழ் போட மாட்டாள். இப்போது தாழ் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தாள். நான் வெளியே நின்று, பாட்டு நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

சாட்சி அவளோடு நிற்கவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அக்கா பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் பிரஷர் மாத்திரையைக் காணிக்கைப் பையில் போட்டார். மூன்றாவது வாரம் வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். எழுந்தும் விட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்து, அந்நியபாஷை பேசப்போகிறேன் என்று கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்கள். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்த வாத்தியார் வீட்டுப் பக்கம் இன்றுவரை நான் போனதில்லை.

ஆறாவது மாதம் அக்கா நன்றி செலுத்த மூன்று நாள் உபவாசம் இருக்கப்போவதாகச் சொன்னாள். மூன்று நாள் காபி இல்லை.  கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் அவள் முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அதே வசவை மறுபடி எடுத்து விட்டேன். பிறகு நானே தமிழில், "உபவாசம் வேண்டாம், புசித்துக் குடித்து ஸ்தோத்திரி என்கிறார்" என்றேன். அக்கா உடனே முழங்காலில் விழுந்தாள். பொய் வரத்துக்கு என் வீட்டில் அம்புட்டு மரியாதை. நிஜத்தைச் சொன்னபோது சிரித்தவள் அவள்தான்.

வரம் நமக்காக இல்லை, அடுத்தவர்கள் கட்டப்படுவதற்காக என்று பாஸ்டர் அடிக்கடி சொல்வார்.  என் வரத்தினால் அக்கா கட்டப்பட்டாள், உண்மைதான். அஸ்திவாரத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் காபி டம்ளருக்கும் மட்டும் தெரியும்.

எட்டாவது மாதம் அத்தான் ஞாயிறு அல்லாத ஒரு நாளில் வந்தார். மிக்சர் இல்லை, கை நிறைய மல்லிகைப்பூ. "அம்மா கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. ஊரெல்லாம் சொல்றாங்களாம், மருமக மாத்திரை இல்லாம நல்லா இருக்காளாமேன்னு." அக்கா பூவை முகத்தில் வைத்து மூடிக்கொண்டு அழுதாள். அம்மா புரை விழுந்த கண்ணால் கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா அந்த வீட்டுக்குப் போக நான்தான் வழி செய்திருக்கிறேன். அந்த வீட்டில் காபி போட நான் இருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு வீடு இல்லை. சொல்லாவிட்டால் மாத்திரை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அத்தானை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாப்பில் வைத்து எல்லாவற்றையும் சொல்லி, ஒரு மாதத்து மாத்திரையைப் பொட்டலமாகக் கையில் திணித்தேன். "கால்ல வேணா விழறேன் அத்தான். நீங்களாச்சும் பொடி பண்ணிக் குடுங்க. இல்ல, அவகிட்ட நேரா சொல்லிப் போட வைங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்க வீட்டுல அடுப்படி அம்மா கையில. நான் இதுவரைக்கும் ஒரு டம்ளர் தண்ணி மொண்டதில்ல. நான் போய்க் காபி போட்டா என்னன்னு கேப்பாங்கல்ல?"

"கேக்கட்டும்! பொண்டாட்டிக்குக் காபி போட்டா ஜெயில்லயா போடுவாங்க?"

பஸ் வந்தது. பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பாக்கிறேன், பாக்கிறேன்" என்று ஏறினார். அந்த 'பாக்கிறேன்' எனக்குப் பழக்கமானதுதான். இருந்தாலும் நம்பினேன். அக்காவிடம் சொல்ல அதற்குப் பிறகும் ஒரு வாரம் இருந்தது. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைப்பேன். அவள் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டு, "இந்தக் கலர் அவருக்குப் பிடிக்கும்டி" என்பாள். அப்படியே வாயை மூடிக்கொள்வேன். ஊருக்கெல்லாம் நீளுகிற என் வாய் அந்த ஒரு வாரம் செத்துப்போயிருந்தது.

அக்கா புருஷன் வீட்டுக்குப் போன பதினோராவது நாள் மதியம் கிளினிக்குக்கு போன் வந்தது. அக்கா அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறாள். கொதிக்கிற கஞ்சி வலது கையிலும் தோளிலும் கொட்டிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனபோது கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். அத்தான் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப்பைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். நான் கட்டிக் கொடுத்த நூல் முடிச்சு அவிழவே இல்லை. திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். யாரை யார் திட்டுவது?

உள்ளே அக்கா முழிப்பாகத்தான் இருந்தாள். வலி ஊசி போட்டிருந்ததால் மெதுவாகப் பேசினாள். எனக்கு முன்னாலேயே பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டுப் போனாராம். பெற்ற சுகத்தைக் காத்துக்கொள்ளவும் விசுவாசம் வேண்டும் என்றாராம். அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கே தவறினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அத்தையை மனசுக்குள் ஒருநாள் திட்டினாளாம். எதிர்வீட்டில் சாமிக்குப் படைத்த பொங்கல் கரும்பை வாங்கித் தின்றாளாம். புதன்கிழமை ஜெபம் பண்ணாமல் தூங்கிவிட்டாளாம். "இம்புட்டுதான்டி ஞாபகம் இருக்கு. இதுல எதுக்காகச் சுகத்தை எடுத்துக்கிட்டாரு? நீ பேசிப் பாரேன். உனக்குத்தான் வரம் இருக்கே, என்ன பாவம்னு கேட்டுச் சொல்லேன்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டில் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நீ ஒரு பாவமும் பண்ணலக்கா. உனக்குச் சுகமே ஆகல. நான் தினமும் மாத்திரையைக் காபியில போட்டுக் குடுத்தேன்."

"காபியிலயா?"

"ஆமா."

"தினமுமா?"

"எட்டு மாசமும்."

"உபவாசம் வேண்டாம்னு வந்துச்சே?"

"அதுவும் நான்தான்."

 பக்கத்துக் கட்டில்காரிக்கு யாரோ சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அப்ப அந்த எட்டு மாசம், கர்த்தர் என்னைத் தொடவே இல்லையா?" என்று கேட்டாள்.

பாஸ்டரிடம் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். ஐயரிடமும் இருந்திருக்கும்.  எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, "மாத்திரையும் அவரு குடுத்ததுதானேக்கா" என்றேன். எல்லோரும் சொல்கிற சொல்தான்.

"அதை அந்த எட்டு மாசத்துல ஒருநாள் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றாள். "இனிமே அவரைப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத." பிறகு கட்டுப் போடாத இடது கையை நீட்டினாள். "கொண்டா."

அத்தானிடம் வாங்கி வந்த பொட்டலத்தின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லாமலேயே போட்டு விழுங்கினாள்.

அதன் பிறகு அத்தானுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கப்பலூர் பக்கமே ஒரு வாடகை வீடு பிடித்து அக்காவை அழைத்துப் போனார். அவர் அம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் மாத்திரையையும் தண்ணீரையும் அவரே எடுத்துக் கொடுக்கிறார் என்று கேள்வி. வலிப்பு அதோடு வரவில்லை. கையில் தழும்பு மட்டும் இருக்கிறது. நான் பழைய கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன், ஜெபிக்கும்போது வாயைத் திறப்பதில்லை. அக்கா எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. மாடி ஹாலில் அவளை விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போனவள் என்கிறார்கள். நல்ல வேளை, அவள் காதுக்கு அது போகவில்லை.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. வருஷத்துக்கு நாலைந்து தடவை அக்கா என் வீட்டுக்கு வருவாள். சிரிப்பாள், பிள்ளைகளை விசாரிப்பாள், என் முடி நரைத்ததைக் கிண்டல் பண்ணுவாள். நான் வாய் தவறி ஒவ்வொரு தடவையும் கேட்டுவிடுவேன், "காபி போடட்டுமாக்கா?" என்று.

"வேணாம்டி, தண்ணி போதும்" என்பாள். நான் எழுவதற்குள் அவளே அடுப்படிக்குப் போய், டம்ளரை ஒரு தடவை அலசி, குடத்திலிருந்து தானே மொண்டு குடிப்பாள்.